பாட்டுக்கும் ஒரு பிறப்புப் பத்திரம்

பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதை மலேசிய இந்தியச் சமுதாயத்திற்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் சேர்க்கும் நாள் வரும்வரை எந்தக் குறையும் தெரியாது. அதன் பிறகுதான் தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கும். தேர்வு எழுத எண் கேட்பார்கள். வேலைக்கு எண் கேட்பார்கள். வங்கியில் எண் கேட்பார்கள். ஆள் கண்ணெதிரே நிற்பார். ஆனால், ஏட்டில் அவர் இருக்க மாட்டார். தோட்டப்புறங்களில் இப்படிப் பத்திரமின்றி வளர்ந்து, பின்னர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்களின் கதை நம்மிடையே ஏராளம்.

நம் பாடகர்கள் பாடிய பாடல்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். பாட்டு வானொலியில் ஒலிக்கும், கல்யாண மண்டபத்தில் ஒலிக்கும், கைத்தொலைபேசியிலும் ஒலிக்கும். ஆனால், அந்த ஒலிப்பதிவுக்கென்று உலகம் ஒப்புக்கொள்ளும் ஓர் எண் இல்லாவிட்டால், அதற்குச் சேர வேண்டிய பணம் எந்தக் கணக்கில் போய்ச் சேருவது? பாடியவர் யார், பதிவு செய்தவர் யார் என்று பத்தாண்டுகள் கழித்து யார் சொல்வது?

1948ஆம் ஆண்டு அவசரகாலத்தின்போது மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாளக் கார்டு கட்டாயமாக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டில் இன்றைய 12 இலக்க எண் வந்தது. 2001இல் அதுவே மைகார்ட் ஆயிற்று. பிறந்த தேதிக்கு ஆறு இலக்கம், பிறந்த மாநிலத்திற்கு இரண்டு இலக்கம், மற்றவை நான்கு இலக்கம் என்பது அதன் அமைப்பு. சிலாங்கூரில் பிறந்தவருக்கு 10, கோலாலம்பூரில் பிறந்தவருக்கு 14 என்பது பலருக்கு மனப்பாடம். ஒலிப்பதிவுகளுக்கு உலகம் முழுவதும் வழங்கப்படும் எண்ணுக்கும் சரியாக 12 இடங்கள் என்பது ஒரு சுவையான பொருத்தம். 'அனைத்துலகத் தர ஒலிப்பதிவுக் குறியீடு' என்பது அதன் முழுப்பெயர். இசைத் துறையினர் சுருக்கமாக ஐ.எஸ்.ஆர்.சி. என்பார்கள்.

தன் பெயரைத் தானே சொன்ன பாடகி

இந்தக் குறியீட்டின் வரலாற்றை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் தம் பெயரை உரக்கச் சொன்னார். பழைய இசைத்தட்டுகளில் அந்தக் குரலை இன்றும் கேட்கலாம்.

அதைத் தற்பெருமை என்று சிலர் நினைத்ததுண்டு. உண்மைக் காரணம் வேறு. அன்று இந்தியாவில் இசைத்தட்டு அச்சிடும் ஆலை இல்லை. மெழுகில் பதிந்த பாட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போக வேண்டும். அங்கே தட்டு அச்சிடுபவருக்கு இந்துஸ்தானியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. எந்தத் தட்டில் யாருடைய பெயர்த்தாளை ஒட்டுவது என்று அவர் எப்படி அறிவார்? பாடகரே தம் பெயரைச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. ஒலிப்பதிவுக்கு அடையாளம் தரும் முயற்சி, பாடியவரின் குரலிலேயே தொடங்கிற்று என்று சொல்லலாம்.

அதே பயணத்தில் கெய்ஸ்பர்க் ஜப்பான், சீனா வழியாக 1903இல் சிங்கப்பூருக்கும் வந்து இவ்வட்டாரத்துப் பாடல்களைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை வந்த பிறகு, பாடகர் பெயர் சொல்லும் வழக்கம் மெல்ல மறைந்தது. அதன் இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டன.

அந்தக் காலத்துத் தட்டில் இரண்டு வகை எண்கள் இருந்தன. ஒன்று, பெயர்த்தாளில் அச்சிட்டிருக்கும் பட்டியல் எண். கடைக்காரர் சரக்கு வரவழைப்பதற்கு உரியது அது. மற்றொன்று, தட்டின் நடுவே பெயர்த்தாளை ஒட்டிய பகுதியில் கீறப்பட்டிருக்கும் அச்சு எண். ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு முறை பாடிப் பதிவு செய்தால், இரண்டு பதிவுகளையும் பிரித்துக் காட்ட இந்த அச்சு எண்தான் உதவியது. பட்டியல் எண் தட்டைக் குறித்தது. அச்சு எண் பதிவைக் குறித்தது. இன்றைய பன்னிரண்டு இடக் குறியீட்டின் மூதாதை இந்த அச்சு எண்தான்.

கே. பி. சுந்தராம்பாள், எஸ். ஜி. கிட்டப்பா, தியாகராஜ பாகவதர் முதலானோரின் இசைத்தட்டுகள் கடல் கடந்து மலாயாவிலும் ஒலித்தன. பழைய தட்டு சேர்ப்பவர்கள், பெயர்த்தாள் கிழிந்துபோன தட்டையும் அச்சு எண்ணை வைத்தே இன்னாருடையது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால், அந்த எண் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் சொந்தமானது. ஒரு நிறுவனத்தின் எண் மற்றொரு நிறுவனத்திற்குப் புரியாது. நிறுவனம் கைமாறினாலோ மூடப்பட்டாலோ அதன் ஏடும் அதோடு போய்விடும்.

அம்பாங் படப்பிடிப்புக் கூடம்

கோலாலம்பூரை அடுத்த அம்பாங், ஈயச் சுரங்கங்களால் பெயர் பெற்ற ஊர். அங்கே ஹுலு கிள்ளான் சாலையில் 1960களின் தொடக்கத்தில் மெர்டேக்கா படப்பிடிப்புக் கூடம் உருவானது. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் பிற்காலத்தில் அமைந்ததும் அந்த வளாகத்தில்தான். 1964இல் சிங்கப்பூரை விட்டு வந்த பி. ரம்லி, தம் வாழ்வின் கடைசிப் படங்களை இங்குதான் எடுத்தார். நடிப்பு, இயக்கம், இசையமைப்பு, பாட்டு என்று நான்கு துறைகளிலும் சிறந்த அந்தக் கலைஞருக்கு 1950ஆம் ஆண்டு 'பக்தி' படத்தில் கதாநாயகன் வேடம் கொடுத்தவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழ் இயக்குநர் என்பதை நம்மவர்களில் பலர் பெருமையோடு நினைவுகூர்வார்கள்.

1973ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி பி. ரம்லி மறைந்தார். கடைசி ஆண்டுகளில் பண நெருக்கடியில் இருந்தார் என்பது நாடறிந்த செய்தி. அவர் மறைந்த பிறகும் அவருடைய பாடல்கள் ஒலிக்காத நாளில்லை. 78 சுழற்சித் தட்டில் வந்த பாட்டு சிறு தட்டில் வந்தது; பிறகு பெரிய தட்டில், ஒலிநாடாவில், குறுந்தட்டில், இன்று இணையத்தில் என்று வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பட்டியல் எண் மாறியது. பதிவு மட்டும் பழைய பதிவே.

இங்கேதான் சிக்கல். ஒரே பதிவு பத்துத் தொகுப்புகளில் வந்தால் பத்துப் பட்டியல் எண்கள். வானொலி நிலையம் தான் ஒலியேற்றியதைக் குறித்து அனுப்பும்போது பட்டியல் எண்ணைக் குறித்தால், அது எந்தப் பதிவு என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டின் பெயரைக் குறித்தால் ஒரே பெயரில் நூறு பாட்டுகள் இருக்கும். பாடகரின் பெயரை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதுவார். தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது இந்தத் தொல்லை இரண்டு மடங்கு. 'ழ'கரத்தை எழுத மூன்று வழி, 'த'கரத்தை எழுத இரண்டு வழி என்று ஒரே பாடகர் ஏட்டில் ஐந்து பாடகராகிவிடுவார்.

1986இல் பிறந்த குறியீடு

இசைத்தட்டு நிறுவனங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. 1933ஆம் ஆண்டு ரோம் நகரில் தொடங்கப்பட்டது. 1982இல் ஜப்பானில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. ஒலி எண்களாக மாறிவிட்ட பிறகு, அந்த எண்களுக்கிடையே அடையாளத்தையும் பொதித்து வைக்க வழி பிறந்தது. அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு 1986ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 3901 என்னும் தரத்தை வெளியிட்டது. அதுதான் இந்தக் குறியீட்டின் பிறந்த ஆண்டு. 1989இல் இதை உலக அளவில் நிர்வகிக்கும் பொறுப்பு ஐ.எஃப்.பி.ஐ.யிடம் ஒப்படைக்கப்பட்டது.

புத்தகத்திற்கு ஐ.எஸ்.பி.என். எண் இருப்பதுபோல்தான் இதுவும் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால், ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. புத்தக எண், கையில் வாங்கும் பொருளுக்கு உரியது. அதே நாவல் கெட்டி அட்டையில் வந்தால் வேறு எண். ஒலிப்பதிவுக் குறியீடோ பொருளுக்கு உரியதன்று. குறுந்தட்டாக வந்தாலும் இணையத்தில் வந்தாலும் பதிவு அதே பதிவு என்றால் குறியீடும் அதேதான்.

பன்னிரண்டு இடங்களும் நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டன. முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறித்தது. மலேசியாவுக்கு எம்.ஒய்.; இந்தியாவுக்கு ஐ.என். அடுத்த மூன்று இடம் பதிவு செய்துகொண்ட நிறுவனத்தை அல்லது தனி ஆளைக் குறித்தது. அதன் பின் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கம். கடைசி ஐந்து இலக்கம் அந்த ஆண்டில் அது எத்தனையாவது பதிவு என்ற வரிசை. மூன்று இடத்தில் எழுத்தையும் எண்ணையும் கலந்து போட்டால் ஒரு நாட்டுக்கு 46,656 பேருக்கு இடம் கிடைக்கும். ஒவ்வொருவரும் ஓராண்டில் ஒரு லட்சம் பதிவுகளுக்குக் குறியீடு கொடுக்கலாம்.

அவ்வளவு இடம் போதும் என்றுதான் அன்று நினைத்தார்கள். வீட்டுக்கு வீடு ஒலிப்பதிவு செய்யும் காலம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அமெரிக்காவில் யு.எஸ். என்று தொடங்கும் இடங்கள் நிரம்பி, கியூ.எம்., கியூ.இசட். என்றெல்லாம் புதிய எழுத்துகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆகவே, 2019ஆம் ஆண்டு வெளிவந்த திருத்தப் பதிப்பில், முதல் ஐந்து இடத்தையும் ஒரே முன்குறியாகக் கொள்ள வேண்டும், அதிலிருந்து நாட்டை ஊகிக்கக் கூடாது என்று விதி மாறியது. எம்.ஒய். என்று தொடங்கினால் பாடியவர் மலேசியர் என்றோ, ஐ.என். என்று தொடங்கினால் பாட்டு இந்தியாவுடையது என்றோ முடிவு கட்டக் கூடாது.

ஆண்டைக் குறிக்கும் இலக்கத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அது பாட்டு பாடப்பட்ட ஆண்டைக் குறிப்பதன்று. குறியீடு கொடுக்கப்பட்ட ஆண்டைக் குறிப்பது. 1964இல் பாடிய பாட்டுக்கு 1995இல் குறியீடு கொடுத்திருந்தால் 95 என்றுதான் இருக்கும். தாமதமாகப் பிறப்பைப் பதிந்தவருக்கும் பத்திரம் உண்டு என்பதுபோல, பழைய பதிவுக்கும் இன்று குறியீடு எடுக்க முடியும் என்பதே இதன் பொருள்.

ஒரு குறுந்தட்டில் எத்தனை எண்கள்?

மலேசியாவில் குறுந்தட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், மஸ்ஜிட் இந்தியாவிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைக்குக் கடை பாட்டு ஒலித்த காலம் அது. கள்ளத் தட்டுகளும் கூடவே விற்றன. அதைத் தடுக்க 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டம் வந்தது. தட்டு அச்சிடும் ஆலைக்கு உரிமம் கட்டாயமாயிற்று. ஆலையின் குறியீட்டைத் தட்டில் பொறிக்கவும் வேண்டியதாயிற்று. 2003இல் அசல் தட்டு என்பதைக் காட்டும் மின்னும் முத்திரை உறைமேல் ஒட்டப்பட்டது.

இவற்றையெல்லாம் ஒரே எண் என்று மயங்கியவர்கள் உண்டு. கடையில் காசு கணக்கிடும் பட்டைக் குறியீடு சரக்குக்கு உரியது. மலேசியாவில் பதிவான சரக்குக்கு அது 955 என்று தொடங்கும். ஆலைக் குறியீடு தட்டை அச்சிட்டவருக்கு உரியது. முத்திரை, கள்ளத் தட்டன்று என்பதற்கு உரியது. இவை எல்லாம் சேர்ந்தும் உள்ளே இருக்கும் எட்டுப் பாட்டில் ஒரு பாட்டைத் தனித்து அடையாளம் காட்டா. அந்த வேலையைச் செய்வது, தட்டுக்குள்ளே ஒலிக்குப் பக்கத்தில் காதுக்குக் கேட்காத பகுதியில் பொதிந்து வைக்கப்படும் ஒலிப்பதிவுக் குறியீடு மட்டுமே. எட்டுப் பாட்டுக்கு எட்டுக் குறியீடு.

கையில் காசு சேர்த்து, நண்பர்களிடம் கடன் வாங்கி, ஆயிரம் தட்டு அச்சிட்டுக் கோயில் திருவிழாவிலும் கலைநிகழ்ச்சியிலும் விற்ற உள்ளூர்க் கலைஞர்கள் பலர். அவர்களுக்குப் பட்டைக் குறியீடு தெரிந்திருந்தது. அதில்லாமல் கடைக்காரர் வாங்க மாட்டார். முத்திரையும் தெரிந்திருந்தது, அதில்லாமல் அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள். ஒலிப்பதிவுக் குறியீட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் பலர் எடுக்கவும் இல்லை.

தட்டு போனது, குறியீடு நின்றது

காலம் மாறியது. 2003இல் ஐடியூன்ஸ் இணையக் கடை திறந்தது. 2005இல் யூடியூப் வந்தது. 2013இல் ஸ்போட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது. தட்டு இல்லை, உறை இல்லை, ஆலை இல்லை, முத்திரை இல்லை. பழைய எண்களெல்லாம் ஒவ்வொன்றாக வேலையிழந்தன. யாரும் கேட்காத அந்தக் குறியீடு மட்டும் வாசற்கதவுத் திறவுகோலாயிற்று. இன்று குறியீடு இல்லாத பாட்டை இணைய இசைக் கடைகள் ஏற்பதில்லை.

ஒரு பாட்டை ஒருவர் ஒருமுறை கேட்டால் கிடைப்பது மிகச் சிறிய தொகை. லட்சக்கணக்கானோர் கேட்டால்தான் அது பணமாகத் திரளும். அத்தனை கேட்பையும் ஒன்றாகக் கூட்டுவது குறியீடுதான். அடையாளம் பொருந்தாவிட்டால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் இணைய இசைச் சேவைகள், உரியவர் யாரென்று பொருத்த முடியாமல் தங்களிடம் தேங்கிக் கிடந்த பணத்தை, அதற்கென அமைக்கப்பட்ட உரிமத் தொகை அமைப்பிடம் ஒப்படைத்தன. இயற்றியவர்களுக்குச் சேர வேண்டிய அந்தத் தொகை ஏறத்தாழ 42 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர். எந்த ஒலிப்பதிவு எந்தப் பாட்டைச் சேர்ந்தது என்ற இணைப்பு இல்லாததே முக்கியக் காரணம்.

பாட்டு வேறு, பதிவு வேறு

இந்த இடத்தில் பலரும் குழம்பும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. பாட்டு என்பது கவிஞரும் இசையமைப்பாளரும் உருவாக்கியது. ஒலிப்பதிவு என்பது ஒரு நாள் ஒரு கூடத்தில் இன்னார் பாட, இன்னார் வாசிக்க, இன்னார் பணம் போட்டுப் பதிவு செய்தது. பாட்டுக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று வேறொரு குறியீடு இருக்கிறது. ஒரு பாட்டுக்கு ஓர் எண். அதை நூறு பேர் பாடிப் பதிவு செய்தால் நூறு ஒலிப்பதிவுக் குறியீடுகள்.

நம் நாட்டு எடுத்துக்காட்டே இருக்கிறது. 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாடலை எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடினார். 2006இல் மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்திரா குழுவினரும் தங்கள் 'வல்லவன்' தொகுப்பில் அதைத் தழுவிச் சொல்லிசையாக்கினார்கள். மலேசியத் தமிழ்ச் சொல்லிசையைத் தமிழ்நாடு திரும்பிப் பார்த்தது அப்போதுதான். இரண்டுக்கும் வேர் ஒன்று. ஆனால், பதிவுகள் இரண்டு. ஆகவே அடையாளமும் இரண்டாகத்தான் இருக்க வேண்டும்.

உரிமை என்று வரும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு, இளையராஜாவும் மலேசியாவைச் சேர்ந்த அகி மியூசிக் நிறுவனமும் தொடர்புடைய வழக்கு ஒரு சான்று. சென்னை உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் மேல்முறையீடுகள் தொடர்ந்தன. இசையமைத்தவருக்கு எதுவரை உரிமை, ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு எதுவரை உரிமை என்பதே அந்த வழக்கின் மையக் கேள்வி. புகழின் உச்சியில் உள்ளவருக்கே இத்தனை வழக்கு என்றால், ஏடும் எண்ணும் இல்லாத உள்ளூர்க் கலைஞர் எங்கே போவார்?

அதே நேரத்தில், குறியீடு எடுத்துவிட்டால் உரிமை கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. அது உரிமைப் பத்திரமன்று, அடையாளம் மட்டுமே. மலேசியாவில் உரிமையைத் தருவது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். படைப்பு உருவானதும் உரிமையும் தானாக வந்துவிடும். 2012 முதல், விரும்பினால் அந்த உரிமையை மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்திடம் தெரிவித்துப் பதிந்து வைக்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. ஒலிப்பதிவுக்கு அச்சட்டப்படி பாதுகாப்பு, வெளியிட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். பாடியவர், வாசித்தவர் ஆகியோரின் உரிமை 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்டது.

அம்பாங்கிலிருந்து உலகத்திற்கு

குறியீடு எடுக்கும் வழி கடினமானதன்று. அம்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் அறையில் கணினியும் ஒலிவாங்கியும் வைத்து ஓர் இளைஞர் பாட்டுப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முன்னே இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, சொந்த முன்குறி பெறுவது. மலேசியாவில் இதை வழங்கும் தேசிய அமைப்பு, ரிம் எனப்படும் மலேசிய ஒலிப்பதிவுத் தொழில் சங்கம். இந்தியாவில் இதே பணியை இந்திய இசைத் தொழில் சங்கம் செய்கிறது. விண்ணப்பித்தால் ஐந்து இட முன்குறி கிடைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆண்டையும் வரிசை எண்ணையும் அவரே சேர்த்துக் குறியீடு கொடுத்துக்கொள்ளலாம். எந்தக் குறியீடு எந்தப் பதிவுக்குக் கொடுக்கப்பட்டது என்பதை ஓர் ஏட்டில் எழுதி வைப்பது அவர் பொறுப்பு. முன்குறி கொடுத்த அமைப்புக்கு அந்த விவரம் தெரியாது.

இரண்டாவது வழி, பாட்டை இணையக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் விநியோக நிறுவனமே தன் முன்குறியில் குறியீடு கொடுப்பது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாட்டு வெளியிடுபவருக்கு இதுவே எளிது. ஆனால், கொடுத்த குறியீட்டைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு வேறு விநியோகரிடம் மாறினாலும் பழைய குறியீட்டையே கொண்டு போக வேண்டும். புதுக் குறியீடு வாங்கினால், அதுவரை கேட்டவர்களின் கணக்கு ஒரு பக்கமும் புதுக் கணக்கு மறுபக்கமுமாகப் பிரிந்துவிடும். ஒரே பிள்ளைக்கு இரண்டு பிறப்புப் பத்திரம் எடுத்த கதையாகும்.

எதற்குப் புதுக் குறியீடு, எதற்குப் பழையது என்பதற்கும் விதிகள் இருக்கின்றன. மேடையில் பாடிய பதிவு, குரலில்லாத இசைப் பதிவு, வானொலிக்காகச் சுருக்கிய பதிவு, மறுகலவை, காணொளி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிப் பிறவி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வேண்டும். அதே பதிவைத் தீபாவளித் தொகுப்பில் மீண்டும் சேர்த்தால் பழைய குறியீடே போதும். பதிவை வேறொருவருக்கு விற்றுவிட்டாலும் குறியீடு மாறாது. ஒருமுறை கொடுத்த குறியீட்டை வேறு பாட்டுக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

குறியீடு எடுத்ததோடு வேலை முடியவில்லை. இயற்றியவர்களுக்காக 1989இல் தொடங்கப்பட்ட எம்.ஏ.சி.பி., தயாரிப்பாளர்களுக்காக 1988இல் தொடங்கப்பட்ட பி.பி.எம்., பாடியவர்களுக்காகவும் வாசித்தவர்களுக்காகவும் ஆர்.பி.எம். என்று உரிமத் தொகை திரட்டும் அமைப்புகள் நம் நாட்டில் உருவாயின. தாமே எழுதி, தாமே இசையமைத்து, தாமே பாடி, தாமே வெளியிடும் அம்பாங் இளைஞருக்கு இந்த மூன்று வாசலும் திறந்தவை. எந்த வாசலைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படுவது, எந்தப் பதிவு என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை ஐயமின்றிச் சொல்ல 12 இடம் போதும்.

பழைய பெட்டிகளில் இருப்பவை

புதிதாகப் பாடும் இளைஞர்கள் எப்படியும் குறியீடு பெற்றுவிடுவார்கள். இணையக் கடை அதைக் கேட்டு வாங்கிவிடும். கவலைக்குரியவை பழைய பதிவுகள். 1970களிலும் 80களிலும் 90களிலும் மலேசியத் தமிழர்கள் தங்கள் சொந்த வரியில், சொந்த மெட்டில் பாடி ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் வெளியிட்ட பாடல்கள் ஏராளம். தோட்ட வாழ்க்கையைப் பாடியவை உண்டு. பத்துமலை முருகனைப் பாடியவை உண்டு. கோலாலம்பூரின் புறம்போக்குக் குடியிருப்புகளைப் பாடியவையும் உண்டு. தமிழ்நாட்டுத் திரையிசையில் இந்த வாழ்க்கை இல்லை. வேறு எவரும் நமக்காக இதைப் பாடவும் மாட்டார்கள்.

அவற்றில் பல இன்று யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. ஈரக்காற்றில் நாடா பூசணம் பிடிக்கிறது. சில பாடல்களை அன்பர்கள் யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாடியவர் பெயர்கூட இல்லாமல் 'பழைய மலேசியப் பாட்டு' என்ற தலைப்போடு அவை உலா வருகின்றன. இயற்றியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், தபேலா வாசித்தவர் ஒருவர் என்று பலருடைய உழைப்பு பெயரற்ற பிள்ளையாய் நிற்கிறது. அவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். கேட்டால் எந்த ஆண்டு, எந்தக் கூடம், யார் வாசித்தார்கள் என்று சொல்வார்கள். இன்னும் பத்தாண்டு கழிந்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

ஆகவே, செய்ய வேண்டிய வேலையின் வரிசை தெளிவானது. முதலில் பதிவைக் கணினிக்கு மாற்ற வேண்டும். அடுத்து, அதை வெளியிட்டவர் யார், உரிமை இன்று யாரிடம் என்று எழுதி வைக்க வேண்டும். உரியவர் முன்வந்து குறியீடு எடுக்க வேண்டும். பிறகு பாடியவர், வாசித்தவர், இயற்றியவர் பெயர்களைக் குறியீட்டோடு இணைத்துக் கொடுக்க வேண்டும். பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது என்றும் ஒரே மாதிரியாக எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. கலைஞரின் பிள்ளைகளோ, ஊர் இளைஞர் மன்றமோ, தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்களோ சில வார இறுதிகளில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது.

1902இல் கௌஹர் ஜான், தம் பாட்டு தெரியாத ஊருக்குப் போகிறது, அங்கே தம்மை யாருக்கும் தெரியாது என்று உணர்ந்து, தம் பெயரைத் தாமே சொல்லி அனுப்பினார். நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் நாடாக்களில் பாடியவர்கள் அப்படிச் சொல்லி வைக்கவில்லை. அவர்கள் பெயரை அவர்களுக்காகச் சொல்ல வேண்டியவர்கள், அவர்களைக் கேட்டு வளர்ந்த நாம்தான்.